இடைவேளைக்குப் பிறகு வந்த பேய்

"வெள்ளிக்கிழமை நீங்கதான் பேசறீங்க," என்றார் மானேஜர். "அந்தப் பேய் யாருங்கிறதை மட்டும் தெளிவா எடுத்துச் சொல்லிடுங்க. என் மச்சினன் முன் வரிசையில உட்கார்ந்திருப்பான்."

புகார்ப் பிரிவு எழுத்தர் தலையாட்டினார். அந்தப் பேய் யார் என்பது அவருக்குத் தெரியாது.

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் 'விமர்சகர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேய், கொலை, மர்மம் எதையாவது சிரிப்போடு கலந்து ஒரு படம் வந்துவிட்டால் முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிடுவார். மறுநாள் டீ நேரத்தில் அதைப் பிரித்து மேய்வார். "பயந்து உள்ளே இழுத்த மூச்சு சிரிப்பா வெளியே வரணும். வராட்டி அது பேய்ப் படமும் இல்ல, காமெடிப் படமும் இல்ல" என்பது அவர் கட்சி. திரையில் கதவு கிரீச்சிடும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்வார்.

மானேஜரின் மைத்துனர் சினிமா டைரக்டர். அவருடைய முதல் படம் வெளியானதும், ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு ஆபீஸ் மொத்தத்தையும் குடும்பத்தோடு கூட்டிப் போனார் மானேஜர். ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹால்கள் உள்ள தியேட்டர் அது. டைரக்டர் வரவில்லை. தன் படத்தை ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாம். கதையைத் தன்னிடம்கூடச் சொன்னதில்லை என்று மானேஜர் பெருமையாகச் சொன்னார்.

முதல் பாதி கலகலப்பாகவே போனது. ஒரு தையல்காரர். அவருக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் ஒரு பையன். அதைக் கெடுப்பதற்கென்றே பிறந்த ஒரு தாய்மாமன். மாமனாக வந்தவர், எல்லாப் படத்திலும் தலையைக் காட்டும் அந்த வழுக்கைத் தலை நடிகர். மாமனை ஏமாற்றிவிட்டுக் குடும்பமே கல்யாணத்துக்காக ஒரு பஸ்ஸில் ஏறியது. மாமன் பின்னாலேயே ஓடிவந்து தொற்றிக்கொண்டார். பஸ் கிளம்பியது. இடைவேளை விட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு பாழடைந்த பங்களா ஒன்று வந்தது. முகத்தை மறைத்த கூந்தலோடு ஒரு பேய் வந்தது. வரிசையாகக் கொலைகள் நடந்தன. வழுக்கைத் தலை நடிகர் போலீஸ் உடுப்பில் வந்து விசாரித்தார். கடைசியில் பேய் கிணற்றுக்குள் இறங்கி மறைந்தது. பெயர்கள் ஓட ஆரம்பிக்கும் முன்பே ஹாலில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மானேஜர் எழுந்து நின்று கைதட்டினார். உடனே எல்லோரும் கைதட்டினார்கள். விமர்சகர் மற்றவர்களைவிடச் சற்றுப் பலமாகத் தட்டினார்.

வெளியே வந்ததும் அவர் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்தக் கல்யாணம் நடந்துச்சா இல்லையா?"

"உஷ். மெதுவாப் பேசு."

"அதில்லீங்க. பஸ்ஸுல ஏறினாங்களே, போய்ச் சேர்ந்தாங்களா?"

"அதையெல்லாம் நேரடியாக் காட்ட மாட்டாங்க."

"சினிமாவுல காட்டாம வேற எங்க காட்டுவாங்க?"

பக்கத்து ஹால் கதவும் அதே நேரத்தில் திறந்தது. அங்கே போஸ்டரில் ஒரு மண்டையோடு இருந்தது. வெளியே வந்தவர்கள் முகத்தில் சிரிப்பு. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாருங்க, பேய்ப் படம் பார்த்துட்டு எவ்வளவு சந்தோஷமா வர்றாங்க," என்றாள் மனைவி. "நாம அதுக்கே போயிருக்கலாம்."

தான் பார்த்த அந்தப் படத்தைப் பற்றித்தான் இப்போது வெள்ளிக்கிழமை அவர் மேடையேறிப் பேச வேண்டும். டைரக்டருக்கு ஆபீஸில் ஒரு பாராட்டுக் கூட்டம்.

புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவருக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. கம்பெனியின் அவசர போன் பகலில் அவர் மேஜையிலும் இரவில் அவர் தலையணைக்குப் பக்கத்திலும் இருந்தது. ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் உள்ளே மாட்டியவர் முதலில் எழுப்புவது அவரைத்தான், அவருக்கு அடுத்து அவர் மனைவியை. மாதக் கடைசியில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கயிறும் போல்ட்டும் யாரையும் தூக்கத்தில் எழுப்புவதில்லை. யாரை அங்கே போடுவது என்பதை மானேஜர் வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

"இந்த வாட்டி ஸ்டோர்ஸ் கிடைக்கலேன்னா, நான் எங்க அக்கா வீட்டுல போய்ப் படுத்துக்கறேன். நீங்களும் போனும் இங்க குடும்பம் நடத்துங்க," என்று மனைவி சொல்லியிருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்காவிடம் ஏற்கெனவே பேசிவிட்டாள்.

ஆகவே விமர்சகர் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார்.

"சார், அந்தப் பேய் யாருன்னு நீங்களே சொன்னா இன்னும் பொருத்தமா இருக்கும். உங்க குடும்பத்துப் படம்."

"எனக்குத் தெரியும்," என்றார் மானேஜர், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "உங்க வாயால வரணும்னு ஆசை."

விமர்சகர் கணக்குப் பிரிவுக்குப் போனார். அங்கே எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடும் பெண் அந்த ஆபீஸிலேயே மூத்தவள். எதையும் 'இருக்கலாம்' என்று சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"இதுல என்ன தம்பி குழப்பம்? முதல் பாதி பூரா கனவு."

"யாரோட கனவுக்கா?"

"அந்தப் போலீஸ்காரரோடது. வேலை அலுப்புல நாற்காலியிலேயே தூங்கிட்டார். தனக்கும் ஒரு குடும்பம் இருந்தா எப்படி இருக்கும்னு கனவு காண்றார். அதனாலதானே ரெண்டு பாதியிலயும் அவர் மட்டும் வர்றார்?"

விமர்சகருக்கு உடம்பு லேசானது. "அப்ப பேய்?"

"வேலைதான் பேய்," என்றாள் அக்கா, மேஜையில் அடுக்கியிருந்த ரசீதுகளைக் காட்டி.

அவர் நேரே மானேஜரிடம் போய்க் கனவு விஷயத்தைச் சொன்னார். மானேஜர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அதேதான் நானும் நினைச்சேன். அப்ப அந்த பஸ்?"

"பஸ்ஸும் கனவுதான் சார்."

"அவ்வளவு பெரிய பஸ்ஸா?"

விமர்சகர் பஸ்ஸின் நீளத்தை மனசுக்குள் அளந்தார். "இன்னும் கொஞ்சம் யோசிங்க," என்றார் மானேஜர். ஏமாற்றம் குரலில் தெரிந்தது.

பட்டறையில் சீனியர் மெக்கானிக் ஒரு மோட்டாருக்கு அடியில் படுத்திருந்தார். விமர்சகர் குனிந்து, அக்கா சொன்னதைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டார்.

"கனவாவது ஒண்ணாவது. பஸ் கவுந்துடுச்சு சார்."

"காட்டலையே?"

"காட்டினா சாதாரணப் படம். காட்டலைன்னா டைரக்‌ஷன்."

"ஒரு பிரேக் போடற சத்தமாவது வரணுமே. எனக்குக் கேக்கலையே?"

"அதைத்தான் சொல்றேன். பிரேக் பிடிக்கலை."

தொழில் தெரிந்தவர் சொன்னது. விமர்சகரால் மறுக்க முடியவில்லை.

"மொத்தக் குடும்பமும் காலி," என்று மோட்டாருக்கு அடியிலிருந்து குரல் தொடர்ந்தது. "தையல்காரர் பொண்ணுதான் பேயா வருது. கல்யாணத்துக்குப் போற வழியில போன உசிரு, சும்மா இருக்குமா?"

"மாமன்?"

"அவர் தொத்திக்கிட்டுதானே வந்தார். கீழ குதிச்சுத் தப்பிச்சுட்டார். அப்புறம் போலீஸ்ல சேர்ந்துட்டார்."

"அந்த வயசுலயா?"

"படம் சார்."

விமர்சகர் மறுபடி மானேஜரிடம் போய், கனவு இல்லை, பஸ் கவிழ்ந்துவிட்டது என்றார். மானேஜர் அதையும் ஏற்கெனவே நினைத்திருந்தார். ஆனால் அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே கணக்கு அக்கா நின்றிருந்தாள்.

"எங்கிட்ட சரின்னு சொல்லிட்டு இங்க வந்து மாத்திச் சொல்றீங்களா தம்பி?"

மத்தியானத்துக்குள் ஆபீஸ் இரண்டாகிவிட்டது. மேல்மாடி கனவுக் கட்சி, பட்டறை பஸ் கட்சி. சாப்பாட்டு மேஜைகளை நடுவில் இடம் விட்டுப் பிரித்துப் போட்டார்கள். அவரவர் கட்சிக்கு அவரவர் ஆதாரம் இருந்தது. பேய் ஒரு இடத்தில் பஸ் ஹாரனைக் கேட்டுத் திரும்பியது என்று ஒரு உதவி மெக்கானிக் சத்தியம் செய்தான். வருகைப் பதிவு பார்க்கும் பெண், போலீஸ்காரர் கண்ணைக் கசக்கியதைத் தானே பார்த்ததாகச் சொன்னாள். விமர்சகர் இரண்டு பக்கமும் போய், இரண்டுமே சரியாக இருக்கலாம் என்று சமாதானம் பேசினார். அதன் பிறகு இரண்டு பக்கமும் அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

புதன்கிழமை ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே ஒரு பல் டாக்டர். விமர்சகர் போனை எடுத்து, சீனியர் மெக்கானிக்கை அனுப்பினார். போன மெக்கானிக், வேலை செய்துகொண்டே, கதவு இடுக்கு வழியாக டாக்டருக்குப் படத்தின் கதையைச் சொல்லியிருக்கிறார். பேச்சு சுவாரசியத்தில் கையிலிருந்த ஸ்பேனர் திரும்பவே இல்லை. ஒருவழியாகக் கதவு திறந்தபோது டாக்டர் வேர்வையோடு வெளியே வந்து, "எனக்கென்னவோ கனவுன்னுதான் தோணுது," என்றாராம். மெக்கானிக் கதவை மறுபடி மூடப் போயிருக்கிறார்.

டாக்டர் கம்பெனிக்குப் போன் செய்தார். மானேஜர் விமர்சகரைக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் உங்களால வந்தது. யாரைக் கேட்டாலும் விமர்சகர்தான் ஆரம்பிச்சார்ங்கறாங்க."

"நான் கேள்விதான் சார் கேட்டேன்."

"உங்களை யாரு கேள்வி கேக்கச் சொன்னா? நீங்க பதில் சொல்ற ஆளாச்சே. வெள்ளிக்கிழமை ஒரே பேச்சுல இதை முடிச்சு வைக்கணும். ஸ்டோர்ஸுக்கு நிதானமான ஆளாப் பார்த்துக்கிட்டிருக்கேன். புரியுதா?"

புரிந்தது. அன்று வீட்டில் மனைவி துணிகளை மடித்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா வீட்டுக்கா?"

"இல்ல, சும்மா மடிக்கறேன்," என்றாள். "அந்தக் கல்யாணம் என்னாச்சுன்னு தெரிஞ்சுதா?"

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு விமர்சகர் தியேட்டருக்குப் போனார். இன்னொரு தடவை பார்த்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் வாசலில் போஸ்டர் மாறியிருந்தது. மண்டையோட்டையும் காணோம். படிக்கட்டில் உட்கார்ந்து ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஹாலுக்கும் படம் போடுகிற ஆபரேட்டர் அவர் ஒருவர்தான்.

"ரெண்டு படத்தையும் தூக்கிட்டாங்க சார்," என்றார் ஆபரேட்டர். "நீங்க ஞாயித்துக்கிழமை அந்த லிஃப்ட் கம்பெனியோட வந்தவர் இல்ல?"

"ஆமா."

ஆபரேட்டர் எழுந்து நின்றார். "படம்... எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார் விமர்சகர், வாய்ப் பழக்கத்தில்.

"உங்க எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"இடைவேளைக்கு அப்புறமும்?"

"அப்புறம்தான் இன்னும் நல்லா இருந்துச்சு. ஆபீஸே அதைப் பத்தித்தான் பேசுது."

ஆபரேட்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விமர்சகர் கையிலிருந்த அவசர போன் அடித்தது. யாரோ நான்காவது மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, நீங்க பாருங்க," என்றார் ஆபரேட்டர். "உங்க மானேஜர் நாளைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கார். நேர்ல வந்தே சொல்லிடறேன். மனசுல வச்சிருந்தா தூக்கம் வரலை."

பாராட்டு வார்த்தை ஏதோ தயார் செய்திருக்கிறார் போல என்று நினைத்தபடி விமர்சகர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை பட்டறையை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். பழைய லிஃப்ட் கூண்டு ஒன்றுக்குத் திரை கட்டி மேடையாக்கியிருந்தார்கள். இடது பக்கம் கனவு, வலது பக்கம் பஸ், நடுவில் நடைபாதை. முன் வரிசையில் டைரக்டர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கடைசி வரிசையில் ஆபரேட்டர். விமர்சகரின் மனைவி இரண்டாவது வரிசையில் இருந்தாள். பையைக் கொண்டு வரவில்லை. அதை அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்.

"பஸ் கவிழ்ந்ததா, இல்லை கனவா என்று ஒரு வாரமாக நமக்குள் ஒரு கேள்வி," என்று விமர்சகர் ஆரம்பித்தார். "நான் இரவெல்லாம் யோசித்தேன். கனவில் கிளம்பிய பஸ்தான் அது. ஆனால் நிஜத்தில் கவிழ்ந்தது."

இரண்டு பக்கமும் ஒரு கணம் யோசித்தன. பிறகு இரண்டு பக்கமும் கைதட்டின. அக்காவும் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

டைரக்டர் மானேஜர் பக்கம் சாய்ந்தார். "மச்சான், பஸ் எங்க கவுந்துச்சு?"

"பேச விடு. அருமையாப் போயிட்டிருக்கு."

விமர்சகருக்குத் தைரியம் வந்துவிட்டது. "முதல் பாதியில் சிரிக்கிறோம். இரண்டாம் பாதியில் பயப்படுகிறோம். இரண்டையும் இப்படிக் கலக்க ஒரு நெஞ்சுத் துணிவு வேண்டும். அந்தப் பேய் யார்? பாதிச் சிரிப்பில் செத்துப்போன குடும்பம் அது. மீதிச் சிரிப்பை நம்மிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகத்தான் அது கிணற்றிலிருந்து வருகிறது. பயந்து இழுத்த மூச்சை நாம் சிரிப்பாக விடும்போது அது சாந்தி அடைகிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லாமல் காட்டியிருக்கிறார் நம் டைரக்டர்."

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. டைரக்டர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை," என்றார். "நான் எடுத்தது ஒரு சாதாரணக் குடும்பக் கதைன்னுதான் இதுவரைக்கும் நினைச்சிட்டிருந்தேன். பேப்பர்ல எழுதினவங்களும் அப்படித்தான் எழுதினாங்க. அதுக்குள்ள ஒரு பேய் இருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரியுது. இவர் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு."

"என்ன ஒரு அடக்கம் பாரு," என்றாள் கணக்கு அக்கா.

விமர்சகரின் மனைவி எழுந்து நின்றாள். "சார், ஒண்ணே ஒண்ணு. அந்தக் கல்யாணம் நடந்துச்சா இல்லையா?"

"நடந்துச்சேம்மா," என்றார் டைரக்டர், திகைத்துப்போய். "உங்க கண்ணு முன்னாடிதானே நடந்துச்சு."

அவள் கணவனைப் பார்த்தாள். "அது உள்ளுக்குள்ள நடந்தது. உட்காரு," என்று விமர்சகர் உதட்டை அசைத்தார்.

மானேஜர் மேடையேறினார். கண் கலங்கியிருந்தது. மைத்துனரின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, விமர்சகரிடம் கையை நீட்டினார். விமர்சகர் குலுக்குவதற்குக் கையைக் கொடுத்தார்.

"கை இல்ல. போனைக் கொடுங்க," என்றார் மானேஜர். "திங்கட்கிழமையிலேருந்து நீங்க ஸ்டோர்ஸ். எதையும் ஆழமாப் பார்க்கற ஆள் அங்கதான் வேணும்."

இரண்டாவது வரிசையில் அவர் மனைவி, படத்தில் அவள் பார்க்காத கல்யாணத்தைப் பார்த்தவள்போல் சிரித்தாள். மானேஜர் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டே, அடுத்தது யாரிடம் கொடுக்கலாம் என்று கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன மரியாதை," என்றார் மானேஜர். "இந்தப் படத்தை நமக்குப் போட்டுக் காட்டின ஆபரேட்டர் வந்திருக்கார். அவரும் நாலு வார்த்தை பேசட்டும்."

ஆபரேட்டர் நடைபாதை வழியாக மெதுவாக வந்தார். மானேஜர் நீட்டிய சுவர்க் கடிகாரத்தை வாங்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மைக்குக்கு நேரே குனிந்தார்.

"இதை நான் வாங்கிக்கக் கூடாதுங்க, அன்னைக்கு இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு ஹாலுக்கும் படத்தை மாத்திப் போட்டுட்டேன், உங்க கல்யாணம் பக்கத்து ஹால்ல நடந்துச்சு, அவங்களும் கைதட்டிட்டுத்தான் போனாங்க."